மணல் வகுப்பில் பத்து மாதம்

சாயக்காரர் சௌந்தரராஜனுக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். சீமையிலிருந்து வரும் சாயப் பெட்டிகளை, மேலே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே பிரித்துவைப்பார். யானை போட்டது சிவப்பு, கப்பல் போட்டது நீலம், மயில் போட்டது மஞ்சள். இருபது வருஷம் இந்தப் படிப்பிலேயே பிழைப்பு ஓடிற்று. ஒரு ஆடி மாதம், யானைப் படம் அப்படியே இருக்க, உள்ளே சரக்கு மாறிவிட்டது. வழக்கம்போல் கொதிக்கிற தண்ணீரில் கரைத்து நூலை முக்கினார். உலர்த்திப் பார்த்தால் தேமல் விழுந்த தோல் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. பக்கத்தில் அத்தர்க் கடை வைத்திருந்த உமர் பாரூக் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பினார்.

"என்ன அண்ணே, கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, 'சுடுநீரில் போடாதே'ன்னு!"

தமிழ் எழுத்துதான். மதுரையில் பிறந்து, தெற்கு மாசி வீதியை விட்டு அதிகம் விலகாமல் நாற்பது வயதைத் தொட்ட மனிதருக்கு அந்த இரண்டு சொல்லும் வெறும் கறையாகத் தெரிந்தன. ஐந்து வயதில் அவரைச் சாயத் தொட்டியின் ஓரம் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் யாரும் அவரை வேறெங்கும் நிறுத்தவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி ரங்கநாயகியிடம், "மங்கையைப் பள்ளிக்கூடத்துல போடப் போறேன்" என்றார். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். இங்கே அது மதுரைத் தமிழில் வருகிறது.

"பொட்டப்பிள்ளையவா? நாலு வயசுதானே ஆகுது?"

"அஞ்சு ஆகட்டும், போடுறேன்."

மங்கை என்பது அலர்மேல்மங்கை. முதல் இரண்டு குழந்தைகளும் தங்காமல் போன வீட்டில் தங்கிய ஒரே பிள்ளை.

1929-ஆம் வருஷம் ஆனி மாதம், வாரிய தலையும் புதுப் பாவாடையுமாக மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நகரசபைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். முதல் வகுப்புக்கு முந்திய வகுப்பு அது. சர்க்கார் காகிதங்களில் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயர். ஊரார் வைத்த பெயர் மணல் வகுப்பு. தரையில் ஆற்று மணலைப் பரப்பி, விரலால் எழுத வைப்பார்கள். பத்தொன்பது பெண் பிள்ளைகள், எட்டுப் பையன்கள், மொத்தம் இருபத்தேழு.

வகுப்பின் ஆசிரியை முத்துத்தாய், மேலூர்க்காரி. பயிற்சி முடித்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதால், அவள் நடந்துபோனால் ஜன்னல்களுக்குப் பின்னால் நிறையப் பேருக்கு வேலை வந்துவிடும்.

"ஏத்தா, உம் பேரென்ன?" என்றாள்.

மங்கைக்குத் தமிழ் அரைகுறை. அப்பாவின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லாட்டிப் போ. எனக்கும் என் பேரு மறந்துபோச்சு. ரெண்டு பேரும் தேடுவோம், வாரியா?"

வேட்டிக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது.

முதல் வாரம் முழுவதும் சௌந்தரராஜன் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். உள்ளே நடப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் பிரம்பு, தோப்புக்கரணம், மூக்கில் சளி ஒழுக ஓலமிடும் பிள்ளைகள் என்றுதான் அவர் கேள்விப்பட்டிருந்தார். இங்கே காலையில் எல்லாரும் கையை நீட்டி நகத்தைக் காட்டினார்கள். புளியங்கொட்டையை ஐந்தைந்தாகக் குவித்தார்கள். களிமண்ணில் யானை செய்தார்கள். தும்பிக்கை ஒடிந்தால் அதைப் பன்றி என்று சொல்லிச் சமாளித்தார்கள். காகிதத்தில் படகு மடித்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் வெந்தயம் விதைத்து, முளைத்துவிட்டதா என்று நாளைக்கு இருபது தரம் கிளறிப் பார்த்துக் கொன்றார்கள். பிறகு கைகோத்து வட்டமாக நின்று பாட்டுப் பாடிச் சுற்றுவார்கள். செட்டியார் வீட்டுப் பிள்ளையின் கையைக் குதிரைவண்டிக்காரர் பிள்ளை பிடித்திருக்கும். மங்கையின் கையை உமர் பாரூக்கின் மகள் ஹாஜரா பிடித்திருப்பாள். தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப்போகும் பெரியவர்களின் பிள்ளைகள், அந்த அறைக்குள் பத்தே நிமிஷத்தில் ஒரே சங்கிலியாகிவிட்டார்கள். சாதியைக் கட்டிக் காப்பாற்ற ஆயிரம் வருஷமாக எத்தனை பேர் பாடுபட்டிருப்பார்கள்! அதை அவிழ்க்க ஒரு பாட்டும் கொஞ்சம் இடமும் போதும். ஆனாலும், சக்கிலியர் தெருப் பிள்ளை ஒன்றுகூட அந்த இருபத்தேழில் இல்லை. அதை முத்துத்தாய் தலைமை ஆசிரியையிடம் இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஜன்னலில் நின்றவரை ஒரு நாள் அவள் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, சும்மா நின்னு வேடிக்கை பாக்குறதுக்கு ஒரு வேலை செஞ்சு குடுங்களேன். பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக்குடுக்க ஆறு பந்து வேணும். சீமைப் பந்து கேட்டா முனிசிபாலிட்டியில சிரிக்கிறாக."

மறுநாளே ஆறு நூல்பந்துகளுடன் வந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கிச்சிலிப்பழ நிறம், ஊதா. பச்சை மட்டும் மனதுக்குப் பிடிக்காமல் மூன்று தரம் சாயம் போட்டிருந்தார். மங்கை அவற்றைப் பார்த்துவிட்டு வகுப்பே கேட்க, திக்கித் திணறி, தமிழில் முதல்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"இது எங்க அப்பா பந்து!"

ஐப்பசிக்குள் அவள் பேச்சு தெற்கு மாசி வீதித் தமிழாகிவிட்டது. "அம்புட்டும் எனக்கா?" என்பாள். "போறேன், வாரேன்" என்பாள். சாயப் பெட்டியின் மேல் விரலை வைத்து "ப" என்பாள், "ட" என்பாள். இடையில் கிடக்கும் எழுத்துகளை "இவுக யாருன்னு இன்னும் தெரியலை" என்று விட்டுவிடுவாள். கார்த்திகையில் அம்மை குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முத்துத்தாய் முதலில் தன் கையை நீட்டிக் குத்திக்கொண்டாள். அடுத்து மங்கை நீட்டினாள். புண் ஆறுவதற்குள் தெருவில் யார் வந்தாலும் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டி, "நான் அழலையே" என்பாள்.

சௌந்தரராஜனின் வாழ்வில் அந்த ஐந்து மாதம்போல் ஒரு காலம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த ஐப்பசியிலேயே ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. சாரதா சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வரும். அதற்கப்புறம் பதினாலு வயதுக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் ஜெயில். சட்டம் சொன்னது இவ்வளவுதான். சந்து முனைகளில் அது வளர்ந்தது. சர்க்கார் ஆள் வீடு வீடாக வந்து பெண் பிள்ளைகளைப் பதிந்துகொள்வானாம், பதினாலு வயதில் அவனே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைப்பானாம் என்றார்கள். பிள்ளைகளை எரிகிற வீட்டிலிருந்து தூக்கி வெளியே போடுகிற அவசரத்தோடு, ஊர் தன் பெண்களைத் தூக்கிக் கல்யாணத்துக்குள் போட்டது. இன்ன சாதி என்றில்லை. தை பிறந்ததும் புரோகிதர்கள் ஒரு முகூர்த்தத்தில் மூன்று மணவறை மாறி ஓடினார்கள். வாழைமரம் கிடைக்கவில்லை. நாயனக்காரருக்கு வாய் வெந்துபோயிற்று.

சௌந்தரராஜனின் அக்காளும் அவள் கணவர் நாகசுப்பிரமணியனும் கீழவாசலில் இருந்தார்கள். அவர்கள் மகன் சாந்தாராமுக்கு ஒன்பது வயது. அக்காள் மகனுக்குத் தம்பி மகள் என்பது பிறந்தபோதே எழுதிவைத்த முறை. மார்கழிக் கடைசியில் இருவரும் வெற்றிலைத் தட்டுடன் வந்தார்கள்.

"என்ன மாப்ள, சர்க்கார் பாத்துக் கட்டிவைக்கட்டும்னு இருக்கியா?" என்றார் நாகசுப்பிரமணியன்.

"அஞ்சு வயசு அத்தான். பென்சில் பிடிக்கவே இன்னும் வரலை."

"தாலியைப் பிடிச்சுக்கிறதுக்குப் பென்சில் எதுக்குடா?" என்று அக்காள் சிரித்தாள். "தம்பி, இது உன் பிள்ளை. இங்கேயே இருக்கட்டும். பெரியவளானப்புறம் கூட்டிக்கிறேன்."

சௌந்தரராஜன் கணக்குப் போட்டார். படிக்காத மனிதர் போட்ட கணக்கு. ஆனால் அன்பில் போட்டது. இப்போது மறுத்தால் வருஷா வருஷம் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நிற்பார்கள். படிக்கிற பெண்ணை யார் கட்டுவான் என்று ரங்கநாயகியைக் குத்துவார்கள். ஒரு தாலியை இப்போதே கட்டிவிட்டால் எல்லார் வாயும் மூடும். மகள் நிம்மதியாக எட்டாம் வகுப்பு வரை போகலாம்.

"ஒரு வார்த்தை குடுத்தாச் சம்மதிக்கிறேன் அக்கா. எட்டாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும் அவ பள்ளிக்கூடம் போவா. நிறுத்தக் கூடாது."

"போகட்டும்டா. படிச்ச மருமக வந்து எனக்குப் பஞ்சாங்கம் வாசிக்கட்டும்!"

அவ்வளவுதான். மகள் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு தகப்பன் மகளுக்கு ஐந்து வயதில் கல்யாணம் நிச்சயித்தார்.

அழைப்பு வைக்க முத்துத்தாயிடம் போனபோது அவள் குங்குமத்தைத் தொடவில்லை.

"நீங்களுமாண்ணே?"

தன் கணக்கைச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"மூணு மாசம் பொறுத்திருந்தா, சட்டமே உங்க வாசல்ல காவலுக்கு நின்னுருக்குமே. 'எனக்குச் சம்மதந்தான், ஜெயிலுக்கு யாரு போறது'ன்னு ஒரு வார்த்தையில எல்லாரையும் திருப்பி அனுப்பியிருக்கலாம். பதினாலு வயசு வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது. உங்களுக்குக் கெடச்ச ஒரே துணையை விரட்டிட்டு, யாருக்குப் பயந்தீங்களோ அவுக கையிலயே பிள்ளையக் குடுத்துட்டீங்களே!"

சௌந்தரராஜனுக்கு இது தோன்றவேயில்லை. சட்டம் என்றால் தன்னைப்போன்றவர்களை அடிக்க வருவது என்றுதான் அவர் பழகியிருந்தார். அது தன் பக்கம் நிற்கக்கூடும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாருமில்லை. பத்திரிகை படித்தவர்கள் மேடையில் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். சந்துக்குள் வந்து பேசியது வதந்தி ஒன்றுதான்.

"வார்த்தை குடுத்துட்டேன் டீச்சர்" என்றார்.

தை மாதம் இருபதாம் தேதிக்குள் கல்யாணம் முடிந்தது. தெப்பத் திருவிழாவுக்கு வந்திருந்த உறவுக்காரர்களும் சேர்ந்துகொள்ள, கூட்டத்துக்குக் குறைவில்லை. மங்கை அப்பாவின் மடியில் உட்கார்ந்து குத்துவிளக்குகளை எண்ணினாள். தாலி கட்டும் நேரத்தில் மேளம் உரத்து முழங்கவே, "எண்ணிக்கை விட்டுப்போச்சு!" என்று அழுதாள். நலங்கில் தேங்காய் உருட்டும்போது சாந்தாராம் தேங்காயைத் தரவில்லை.

"உன் முறை முடிஞ்சு போச்சு, என்கிட்ட குடுக்கணும். எங்க டீச்சர் சொல்லிருக்காக" என்றாள் மங்கை.

"உங்க டீச்சரையே வந்து உருட்டச் சொல்லு!" என்றான் அவன். கூடம் முழுக்கச் சிரித்தது.

சாந்தாராம் நல்ல பையன். போகும்போது தன் பம்பரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

மாசி பிறந்தபோது மணல் வகுப்பில் பதினோரு பெண் பிள்ளைகள் கழுத்தில் தாலி இருந்தது. குனிந்து எழுதும்போது அது மணலில் இழுபட்டு எழுத்தை அழித்தது. அரிக்கிறது என்று சொறிந்தார்கள். கல்யாணத்தில் என்ன நடந்தது என்று கதைநேரத்தில் கேட்டால், "நான் தூங்கிட்டேன்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "எனக்குத் தெரியாது, ஜிலேபி இருந்துச்சு" என்றாள். முத்துத்தாய் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மாசியில் ஊருக்குள் அம்மை வந்தது. அம்மை குத்துகிறவர் கீழவாசல் தெருவுக்கு வரும் நாள் தெரிந்ததும், அக்காள் மகனை வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் ஒளித்துவைத்தாள். ஊசி குத்தினால் அம்மன் கோபிப்பாள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சௌந்தரராஜன் போய்ச் சண்டை பிடித்தார்.

"என் மகளுக்குக் குத்தி மூணு மாசம் ஆகுது, நல்லாத்தானே இருக்கா?"

"உன் மகளுக்குப் பள்ளிக்கூடம் குத்துச்சு. என் மகனுக்கு எந்த மகராசனும் குத்த வேண்டாம்."

பத்து நாள் கழித்து, ஒளித்துவைத்த வீட்டிலேயே அம்மை பையனைக் கண்டுபிடித்தது. வேப்பிலை வந்தது, மஞ்சள் நீர் வந்தது, கூழ் வந்தது. டாக்டர் வரவில்லை, வரவிடவில்லை. ஒன்பதாம் நாள் சாந்தாராம் போய்விட்டான். மார்ச் மாதம் பத்தாம் தேதி.

சௌந்தரராஜன் போனபோது அக்காள் மகனின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். தம்பியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"உன் மக காலு வச்ச ராசி! ரெண்டு மாசங்கூட இல்லையேடா! என் பிள்ளையை முழுங்கிட்டாளே!"

குத்த வந்தவனைக் கண்டு ஒளித்துவைத்தது யார் என்ற கேள்வி அவர் நாக்கு நுனிவரை வந்தது. அக்காளின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினார். அவளும் ஏமாற்றப்பட்டவள்தான். அவளை ஏமாற்றியவர்கள் அங்கே இல்லை. அவர்கள் ஒருபோதும் பிணம் கிடக்கும் வீட்டுக்கு வருவதில்லை.

பன்னிரண்டாம் நாள் மங்கையைக் கீழவாசலுக்குக் கூட்டிப்போனார்கள். வயதான பெண்கள் நான்கு பேர் அவளை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே சௌந்தரராஜன் கூடத்துத் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். ரங்கநாயகியை உள்ளே விடவில்லை. கதவு திறந்ததும் மங்கை ஓடிவந்தாள்.

"அப்பா, அரிக்குது அரிக்குதுன்னு சொன்னேன்ல, கழட்டிட்டாங்க!" என்று கழுத்தைத் தூக்கிக் காட்டினாள். உடனே மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். "ஆனா வளவியவும் எடுத்துட்டாங்க. அது அரிக்கலையே?"

ரங்கநாயகி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாது" என்றார் நாகசுப்பிரமணியன். "அப்புறமும் பள்ளிக்கூடமெல்லாம் வேண்டாம்."

"வார்த்தை குடுத்தீங்களே அத்தான்."

"வார்த்தை மருமகளுக்குக் குடுத்தது. மகனே இல்லை, மருமக ஏது?"

அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியிராத சௌந்தரராஜன், மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "திங்கக்கிழமை இவ பள்ளிக்கூடம் போவா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பின்னால் வந்து விழுந்த பேச்சுகளை வாங்கிக்கொண்டே தெற்கு மாசி வீதிவரை நடந்தார். மங்கை தோளில் தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை மங்கை வகுப்புக்குள் நுழைந்ததும் கொஞ்சம் சத்தம் அடங்கியது. பிறகு பிள்ளைகள் பிள்ளைகளாக ஆகிவிட்டார்கள். வட்டம் கூடும் நேரம் வந்தபோதுதான் தெரிந்தது. ஹாஜரா வழக்கம்போல் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். மங்கை மறு கையை நீட்டியபோது, அங்கே நின்ற பிள்ளை தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"எங்கம்மா தொடக் கூடாதுன்னு சொல்லிருக்கு. தொட்டா என் தாலியும் போயிருமாம்."

முத்துத்தாய் நடுவில் புகுந்து இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொண்டாள். வட்டம் சுற்றிற்று. பாட்டு மட்டும் சரியாக வரவில்லை.

பதினோரு தாலிகளில் மிச்சம் பத்து. அவற்றைக் கட்டிவிட்ட தாய்மாருக்கெல்லாம் இப்போது ஒரே பயம். தங்கள் மகளுக்குக் கட்டிய தாலி எவ்வளவு மெலிசான நூலில் தொங்குகிறது என்பது சாந்தாராம் செத்த அன்றே அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த நூலைக் கட்டியவர்களைக் கேட்க அவர்களுக்குத் துணிவில்லை. அறுந்துபோன நூலோடு நிற்கும் குழந்தையைக் கண்டு மட்டும் நடுங்கினார்கள். தாலி கட்டாத வீடுகளுக்கும் அந்த நடுக்கம் தொற்றிற்று. செவ்வாய்க்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். புதன்கிழமை ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை மங்கையையும் சேர்த்து நான்கு பேர். அதில் ஒருத்தி ஹாஜரா.

"ஊரே நிறுத்தட்டும், எம்பிள்ளை வருவா. அம்மைக்கு மதம் தெரியாதுண்ணே, பிள்ளைக சிநேகத்துக்கும் தெரிய வேண்டாம்" என்று உமர் பாரூக் தாமே கொண்டுவந்து விட்டுப் போனார்.

அன்று மத்தியானம் தலைமை ஆசிரியை சௌந்தரராஜனைக் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை, களைத்தவள். வருகிறவர்கள் எண்ணிக்கை இப்படியே இருந்தால் கோடை விடுமுறைக்குப் பிறகு மணல் வகுப்பையே மூடிவிடுவார்கள், முத்துத்தாய்க்கு வேலை இருக்காது என்றாள். முத்துத்தாய் பக்கத்தில்தான் நின்றாள்.

"மூடட்டும்ணே. நான் மேலூருக்குப் போறேன். நீங்க பிள்ளையை நிறுத்தாதீங்க" என்றாள்.

சனிக்கிழமை முழுவதும் அவர் சாயத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைகையில் நூல் அலசப் போனபோது மங்கையும் கூட வந்தாள். சாயத் தண்ணீர் சிவப்பாக இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கேட்டாள்:

"அப்பா, நான் வாரதுனாலதான் அவுக வரலையா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. முன்னாடி நான் காய்ச்சல்ல படுத்தப்ப எல்லாரும் வந்திருந்தாங்கன்னு ஹாஜரா சொன்னா. இப்ப நான் வாரேன், அவுக வரலை."

அவர் நூலைப் பிழிந்தார்.

"நான் வரலைன்னா அவுக வருவாங்களா அப்பா?"

ஐந்து வயதுப் பிள்ளை இதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டது. எண்ணவும், ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவும், இருக்கிறதை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று யோசிக்கவும் அவர்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்.

"தெரியலைம்மா" என்றார்.

"போகாம இருந்து பாப்பமா? டீச்சர் தனியா இருக்காக. பாவம்."

திங்கட்கிழமை மங்கை போகவில்லை. சேதி மத்தியானத்துக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சௌந்தரராஜன் மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தூரத்திலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. ஜன்னலில் நின்று எண்ணினார். தவறிவிட்டதோ என்று இன்னொரு தரம் எண்ணினார். இருபத்தாறு பேர். வட்டத்தில் ஒரு இடமும் காலியாக இல்லை; கைகள் நெருங்கிக் கோத்துக்கொண்டிருந்தன. ஹாஜரா மட்டும் வாயைத் திறக்காமல் சுற்றி வந்தாள்.

முத்துத்தாய் வெளியே வந்தாள். அவரைத் தலைமை ஆசிரியையின் அறைக்குக் கூட்டிப்போனாள். பதிவேட்டை எடுத்துவந்து மேஜையில் விரித்தாள். பேரைத் தேடி, எதிரே தேதி போட்டாள். 1-4-1930. சட்டம் அன்றுதான் அமலுக்கு வந்தது.

"நீங்கும் காரணம்னு ஒரு கட்டம் இருக்குண்ணே."

"என்ன போடுவீங்க?"

"ஊர் மாற்றம், சீக்கு, கல்யாணம்... இப்படி ஏதாவது." அவள் பேனாவை எடுத்தாள். "குடும்பச் சூழ்நிலைன்னு போடவா?"

"சூழ்நிலை வந்து தாலி கட்டச் சொல்லலை டீச்சர். நான்தான் சொன்னேன். 'தகப்பன் செஞ்சது'ன்னு போடுங்க."

"அப்படிப் போட விட மாட்டாகண்ணே."

"யாரு?"

அவள் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு குனிந்தாள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாள் என்று சௌந்தரராஜன் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துக்காட்டச் சொல்லவும் இல்லை. மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, அவள் காட்டிய இடத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டு வாசலில் மங்கை காத்திருந்தாள். தெருமுனையில் அவரைக் கண்டதுமே கத்தினாள்.

"வந்தாங்களா அப்பா?"

"வந்தாங்கம்மா."

"எத்தனை பேரு?"

"இருபத்தாறு."

அவள் விரல்களை விரித்து ஏதோ கணக்குப் பார்த்தாள். இரண்டு கையும் பத்தாமல் அவருடைய கையையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டாள். பிறகு முகமெல்லாம் மலர நிமிர்ந்தாள்.

"அப்ப எல்லாரும் வந்துட்டாங்க!"

"ஆமா" என்றார் சௌந்தரராஜன். "எல்லாரும் வந்துட்டாங்க."